மிச்சம் 1,08,000 கூலூம்

பதினோராவது நிமிடத்தில் கரண்ட் போனது.
தொட்டிக்குள் நானூறு செருப்பு பக்கிள்கள்
செம்புக் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தன
பாதி நிக்கல் உடுத்தி.

சிப்காட் முழுக்க ஒரே நேரத்தில் மௌனம்.
தோல் தொழிற்சாலைப் பக்கமிருந்து மட்டும்
வழக்கமான அந்த வாசனை
மின்சாரம் கேட்காமல் வந்துகொண்டிருந்தது.

"எவ்ளோ போச்சு? எவ்ளோ பாக்கி?"
முதலாளி தன்ராஜுக்கு உடனே தெரிய வேண்டும்.

ரெக்டிஃபையர் மீட்டர் 2200-இல் நின்றிருந்தது.
அது ஆம்பியர்-நிமிடத்தில் எண்ணும்.
பளபளப்பு மருந்து டிரம்மில் ஒட்டிய தாள்
ஆம்பியர்-மணியில் பேசும்.
ஆம்பூர் கம்பெனியின் படிவமோ
கூலூமில் எழுது என்கிறது.
மூவருக்கும் துபாஷியாக
ஹெப்சிபா, பி.எஸ்ஸி. இயற்பியல், வாலாஜா,
மாதம் பதினாலாயிரம்.

அறுபதால் வகுத்தால் அந்தப் பக்கம்,
அறுபதால் பெருக்கினால் இந்தப் பக்கம்.
மொத்தம் நாலாயிரம் வேண்டும், போனது 2200,
பாக்கி 1800.
அதாவது முப்பது ஆம்பியர்-மணி.
அதாவது ஒரு லட்சத்து எட்டாயிரம் கூலூம்.

"லட்சமா!"
கரண்ட் பில்லைப் பார்த்தவர்போல முதலாளி பின்வாங்கினார்.
"ஃபாரடேல சொன்னா ஒண்ணே கால்கூட வராது சார்."
முகம் தெளிந்துவிட்டது.
எண் சிறுத்தால் செலவும் சிறுக்கும் என்று
யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

நானும் ஒருமுறை இப்படி ஏமாந்தவள்தான்.
மூன்றாம் செமஸ்டர். ஒரு கூலூமை
ஸ்டாட்கூலூமாக மாற்று என்றது தாள்.
ஏறத்தாழ முந்நூறு கோடியால் பெருக்க வேண்டியதை
வகுத்துவைத்தேன்.
என் விடையில் ஒரு முழு கூலூம்
ஒற்றை எலக்ட்ரானைவிடச் சிறியதாகிப்போனது.
மூன்றுக்குப் பூஜ்யம்.
திரும்பும் பஸ்ஸில், ஜன்னலோரம்,
விடைத்தாளில் சிவப்பு மையில் இருந்த சரியான எண்ணை
மறுபடி பார்த்தேன்:
இரண்டு, ஒன்பது, ஒன்பது, ஏழு, ஒன்பது...
ஒளியின் வேகம்!
அலகு மாற்றும் ஒரு வரியில்
டிக்கெட் எடுக்காமல் ஏறி உட்கார்ந்திருந்தது.
யாரிடம் சொல்வது?
முத்துக்கடையில் இறங்கிக்கொண்டேன்.

நாற்பது நிமிடம் கழித்து விளக்கு எரிந்தது.
பாக்கி ஒன்பது நிமிடத்தையும் ஓட்டினேன்.
மீட்டர் 4000-ஐத் தொட, கையை எடுத்தேன்.
முனிரத்தினம் கம்பிகளைத் தூக்கிக் கழுவி
எடை போட்டுப் பார்த்தான்:
எழுபத்துமூன்று கிராம் கூடியிருந்தது.
"தங்கமா இருந்தா ஒம்போது சவரன்க்கா."
நோட்டில் சரி போட்டேன், இரண்டு முறை.

வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை முடிந்து
ஆம்பூரிலிருந்து அத்தாவுல்லா வந்தார்,
பையில் ஒரு குறடு மட்டும்.
ஒரு பக்கிளை எடுத்தார், வளைத்தார்.
டிக்.
வெங்காயச் சருகுபோல் நிக்கல் எழுந்து நின்றது.
அடியில் இன்னொரு நிக்கல்,
அதுவும் பளபளவென்று, ஒரு குறையும் இல்லாமல்.

"நடுவுல நின்னுச்சா?"

நோட்டைக் கொடுத்தேன்.
கண்ணாடியை மாட்டி ஒவ்வொரு வரியாகப் போனார்.
பெருக்கலைத் தன் செல்போனில் போட்டுப் பார்த்தார்.
"கணக்கு சரியா இருக்கும்மா" என்று
பக்கிளை அந்தப் பக்கத்தின் மேலேயே வைத்து மூடினார்.

2200-ம் 1800-ம் நாலாயிரம்தான்,
எந்த அலகில் கூட்டினாலும்.
ஆனால் நாற்பது நிமிடம் சும்மா நின்ற உலோகம்
கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலை இழுத்துப் போர்த்திக்கொள்கிறது.
அடுத்து வருவதைத் தன்மேல் உட்கார விடுகிறது,
ஒட்ட விடுவதில்லை.

நானூறையும் உரித்தோம். என் சம்பளத்தில் அறுநூறு பிடித்தார்கள்.
அதை எந்த அலகுக்கு மாற்றியும் பார்க்கவில்லை.

நோட்டில் இப்போது ஒரு கட்டம் கூடுதல்:
நின்ற நேரம்.
நேற்று மூன்று நிமிடம் என்று எழுதினேன்.
முனிரத்தினம் தோள்வழியே எட்டிப் பார்த்தான்.
"இத எதால பெருக்கணும்க்கா?"

"பெருக்காத. கம்பியத் தூக்கு,
முதல்ல ஆசிட்ல முக்கு."